அவர் எழுத்து

மகள் தன் மடிக்கணினியை அம்மாவின் பக்கம் திருப்பினாள். அப்பா செய்த பெயர்ப்பலகை ஒன்றைத் திறந்திருந்தாள். தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளும் இறைந்து கிடந்தன.

"அப்பாவோடது பழைய எழுத்தும்மா. புதுக் கம்ப்யூட்டருக்கு இது புரியாது. வேற எழுத்துல அடிச்சுக்கலாமே? யாருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

விடியும்போது அவள் கணவரின் உயிர் போயிருந்தது. கூடத்தில் கிடத்தியிருந்தார்கள், மதியம் எடுக்க வேண்டும். ஊரில் பாதி வாசல்களுக்குப் பெயர் எழுதிக் கொடுத்தவரின் சவப்பெட்டியில் எவனோ செய்த எழுத்தில் அவர் பெயரை ஒட்ட அவளுக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு சுழியையும் அவரே வரைந்து அந்தப் பழைய கம்ப்யூட்டருக்குள் ஏற்றி வைத்திருந்தார். புதுசு வாங்கச் சொன்னால், "அது என் எழுத்தைப் படிக்காதாம். நான் மட்டும் எதுக்கு அதைப் படிக்கணும்?" என்று சிரித்து மழுப்பிவிடுவார்.

அம்மா எழுந்து, முன்னறையிலிருந்த அவர் கடைக்குள் போய்ப் பழைய கம்ப்யூட்டரின் பொத்தானை அழுத்தினாள். கம்ப்யூட்டர் உறுமி, செருமி, நிதானமாக விழித்தது. மகள் தட்டிப் பார்த்தாள். எதை அடித்தாலும் வேறொன்று வந்தது.

"நீ போய் வர்றவங்களைக் கவனி. நான் பாத்துக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது.

அவர் சொல்லச் சொல்ல அடித்தவள் அவள்தான். டாக்டர் பெயர், வக்கீல் பெயர், கல்யாணமான கையோடு வீடு கட்டியவர்கள் பெயர். இந்த ஒரு பெயரை அடித்ததில்லை. புதியதில் எழுத்தை அடித்த பிறகுதான் கொம்பு போடவேண்டுமாம். இதில் கொம்புதான் முதலில், கையால் எழுதுவதுபோல. ஒவ்வொன்றாகத் தேடி அழுத்தினாள். திரையில் அவர் பெயர் நின்றது.

"ஏங்க, அளவு சரியாருக்கா?"

கேட்டுவிட்டுத்தான் உணர்ந்தாள். கம்ப்யூட்டரின் விசிறி மட்டும் இரைந்தது. கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

கொஞ்சம் பெரிதாக்கினாள். வெட்டும் இயந்திரத்தின் கத்தி கறுப்பு ஸ்டிக்கர் தாளில் முன்னும் பின்னும் ஓடி நின்றது. மேசையில் விரித்து, வேண்டாத பகுதியை ஊசியால் நெம்பி உரிக்கத் தொடங்கினாள். அவசரப்பட்டால் எழுத்தும் கூடவே கிழிந்து வந்துவிடும்.

"அம்மா, வண்டி வந்துடுச்சு!"

"வர்றேன்."

கடைசி எழுத்தின் சுழிக்குள்ளிருந்த பொட்டளவுத் துண்டு ஊசியிலிருந்து நழுவி அவள் விரல்நுனியில் ஒட்டிக்கொண்டது. உதறப் போனவள், விரல்களை மடக்கி அதை உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தாள்.