தொட்டாச்சிணுங்கி நூல்

நூல் ஆலையின் சோதனைக்கூடத்தில் அவள் செய்த இழைக்குத் தொட்டாச்சிணுங்கி என்று பேர். உடம்புச் சூடு பட்டால் சுருங்கும், குளிர்ந்தால் தளரும். உண்மையில் அது வீட்டிலிருக்கும் மனுஷனுக்கு அவள் மனசுக்குள் வைத்திருந்த பேர். வாய் தவறி ஆலையில் வந்துவிட்டது, ஒட்டிக்கொண்டது.

மனுஷன் முடிதிருத்துபவர். பக்கவாதம் வந்ததில் கத்தரிக் கை தப்பித்தது, சீப்புக் கை போய்விட்டது. "சீப்பு இல்லாத கத்தரியால செடிதான் வெட்டலாம்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தக் கையை யாராவது தொட்டுவிட்டால் வள்ளென்று விழுவார். சட்டைப் பொத்தான் போட்டுவிடப் போனவளிடமும் அப்படித்தான். "நான் என்ன குழந்தையா? கையை எடு!" அன்றிலிருந்து அவள் அந்தக் கையின் பக்கமே போகவில்லை. அவளுக்கு மட்டும் ரோஷம் இருக்காதா?

ரோஷம் ஒரு பக்கம் கிடக்கட்டும் என்று அந்த இழையில் ஒரு கையுறை பின்னினாள். உள்ளங்கைப் பக்கம் சுருங்கி விரல்களை மடக்கும், சீப்பைப் பிடித்துக்கொள்ளும். விட வேண்டுமானால் கடையில் தலைக்குத் தண்ணீர் தெளிக்கும் குப்பியால் ஒரு தெளிப்பு போதும். தன் கையில் போட்டுப் பார்த்தாள். காவலாளி, மேலாளர், பக்கத்து மேசைக்காரி என்று எல்லார் கையிலும் அழகாக மடங்கியது.

அவர் கடைக்கு எடுத்துப்போனாள். "இதுவும் சரிவரலைன்னா இந்த முடிவெட்டுற நாற்காலியை வித்துடுவேன். விலைக்குக் கேட்டவர் நாளைக்கு வர்றார்" என்றார். கையுறையைப் பல்லால் இழுத்துத் தானே மாட்டிக்கொண்டார். அவள் சீப்பை உள்ளங்கையில் வைத்தாள். இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கையுறை அசைந்து கொடுக்கவில்லை. சீப்பு நழுவித் தரையில் விழுந்தது.

"சரி, விடு" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அந்த மெல்லிய குரலைத்தான் தாங்க முடியவில்லை.

"கழட்டுங்க அதை!" வெடுக்கென்று அவர் கையைப் பிடித்தாள். பிடித்தவள் திடுக்கிட்டாள். "ஐயோ, என்னங்க இப்படி ஜில்லுனு இருக்கு? ஏன் சொல்லல?"

"நீ தொட்டாதானே தெரியும்."

"நீங்க தொட விட்டாதானே!"

ஊரில் உள்ள கையெல்லாம் பிடித்துப் பார்த்தவள் இந்தக் கையை மட்டும் பார்க்கவில்லை. இழை கேட்ட சூடு அதில் இல்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இரண்டு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கையுறை மெல்லச் சுருங்கியது. அவர் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி அவள் விரல்களைப் பிடித்தன.

"விடுங்க, யாராவது வரப்போறாங்க."

"நான் எங்கே பிடிச்சேன்? உன் நூல்தான் விடமாட்டேங்குது." அவர் கண் கலங்கியிருந்தது. தண்ணீர்க் குப்பி எட்டும் தூரத்தில்தான் இருந்தது, இருவருமே அதை எடுக்கவில்லை.

மறுநாள் வந்தவரை அடுத்த வாரம் வரச் சொல்லி அனுப்பினார்கள். அதற்குள் குறைந்த சூட்டுக்கே சுருங்கும் இழையில் வேறு கையுறை பின்னிவிட்டாள். நாற்காலி வாங்க வந்தவர் அதில் உட்கார்ந்து முடிவெட்டிக்கொண்டு போனார்.

அவள் பழைய கையுறையைப் பையில் போட்டாள். "இதை ஆலையில திருப்பிக் கொடுத்துடறேன்."

"கொடுக்காதே, இருக்கட்டும்."

"உங்க கையிலதான் அது வேலை செய்யாதே?"

"நீ பிடிச்சா செய்யுதே" என்றார்.