பெரியப்பா என்று சொல்லி எடுத்த லீவு

எனக்குப் பொய் சொல்ல வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நன்றாகவே வரும். பனியன் கம்பெனி செக்கிங் டேபிளில் பதினெட்டு வருஷம் நின்றவள் நான். சரக்கு வாங்குகிற வெளிநாட்டு பையரின் ஆள் டிஷர்ட்டைத் தூக்கிப் பிடித்து ஓட்டையைக் காட்டியபோது, "அது நிழல் சார்" என்று முகம் மாறாமல் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தப் புதன்கிழமை சொன்ன பொய் யோசித்துச் சொன்னதில்லை. அதுவாக வாயில் வந்து விழுந்தது.

அதற்கு முந்தைய நாள்தான் எட்வின் தாமோதரன் இறந்துபோயிருந்தார். பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. 'துருவன் கலம்' என்றால் என் வயதுக்காரர்கள் ஒரு நிமிஷம் நின்று, "அட, அந்த விண்வெளி சீரியலா!" என்பார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு வரும். துருவன் என்பது விண்வெளிக் கப்பல். அதன் கேப்டன் இளமாறனாக வந்தவர் எட்வின் தாமோதரன். கப்பலின் இன்ஜின் என்று அவர்கள் காட்டியது நூல் கோன்களுக்கு வெள்ளி பெயிண்ட் அடித்து அடுக்கி வைத்ததைத்தான். எங்கள் திருப்பூர்ப் பிள்ளைகளிடமா அந்த வித்தை? முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டோம். இருந்தாலும் ஒரு வாரம்கூட விடாமல் பார்த்தோம்.

காரணம் அந்த மனுஷன்தான். அவர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. வேற்றுக்கிரகத்துக்காரன் நெருப்பைக் கக்கிக்கொண்டு உள்ளே வருவான். இவர், "முதல்ல உக்காருங்க. சாப்பிட்டீங்களா?" என்பார். அரை மணி நேரம் முடிவதற்குள் வந்தவன் தன் குடும்பக் கஷ்டத்தையெல்லாம் இவரிடம் கொட்டிக்கொண்டிருப்பான். அறுபத்தோரு வாரம் ஓடி நின்றது. அதற்குப் பிறகு அவருக்கு வேறு வேஷம் கிடைக்கவே இல்லை. செத்ததற்குப் பேப்பரில் நாலு வரி போட்டிருந்தார்கள். அதிலும் சீரியல் பெயர் தப்பு. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பேப்பர்காரன் எதிரே இருந்திருந்தால் நடந்திருப்பதே வேறு.

எங்களுக்கு ஒரு வாட்ஸப் குழு உண்டு. 'துருவன் கலம் – திருப்பூர் தளம்', மொத்தம் பதினோரு பேர். நடத்துவது டேனியல். முதலிபாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் சாயம் சோதிக்கும் வேலை. அவன்தான் யார் யாரையோ பிடித்து எட்வின் தாமோதரனின் மனைவி நம்பரை வாங்கி, எங்கள் வருத்தத்தைச் சொல்லியிருந்தான். வியாழக்கிழமை பால் தெளித்துவிட்டு வந்ததும், முடிந்தால் பன்னிரண்டு மணிக்கு வீடியோ காலில் வருவதாக அந்தம்மா சொல்லியிருந்தார். யார் வீட்டில் கூடுவது? என் வீட்டில்தான் பெரிய டிவி இருக்கிறது. நான் லீவு போட வேண்டும்.

சனிக்கிழமை ஏற்றுமதிச் சரக்கு கன்டெய்னரில் ஏறுகிற வாரத்தில் எங்கள் மேனேஜர் பொன்னுச்சாமியிடம் லீவு கேட்பது லேசுப்பட்ட காரியமில்லை. அவிநாசிபாளையத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் கூடக் கூட 'ங்க'வும் கூடும். சாவுக்கு மட்டும் கேள்வி கேட்காமல் லீவு தருவார். ஆனால் அதில் ஒரு சட்டம் உண்டு. பாக்கிங்கில் இருந்த ஒருத்தன் ஒரே மாமனாரை மூன்று தடவை சாகடித்தான். மூன்றாம் தடவை அந்த மாமனாரே மருமகனைத் தேடிக்கொண்டு கம்பெனி கேட்டில் வந்து நின்றார். அன்றிலிருந்து யார் சாவு லீவு எடுத்தாலும் கம்பெனி வேனில் மாலையோடு பத்துப் பேர் துக்கம் கேட்கப் போவார்கள். நிஜமானால் ஆறுதல். பொய்யானால் மறுநாள் வேலை கிடையாது. அப்படி இரண்டு பேர் போயிருக்கிறார்கள். அவர்களை வாய்க்கு வந்தபடி ஏசியவர்களில் நானும் ஒருத்தி.

இத்தனையும் தெரிந்துதான் அவர் முன்னால் போய் நின்றேன். கோயில், கல்யாணம் என்று ஏதாவது சொல்லலாம் என்றிருந்தேன். என் கண் வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்.

"ஏனுங்க நாகஜோதி, யாராச்சும் தவறிட்டாங்களா?"

"பெரியப்பாங்க," என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது.

"அடடா. எங்கீங்க?"

"சென்னையிலங்க. எடுத்தாச்சு. நாளைக்கு வீட்டுக்கு ஆளுக வருவாக."

"சரிங்க. மனச உட்டுராதீங்க," என்று கையெழுத்துப் போட்டார். எங்கள் வேன் சென்னை வரைக்குமா போகப்போகிறது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். செக்கிங் இன்சார்ஜ் ஆகி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் கம்பெனியில் டேபிளில் நின்று இன்சார்ஜ் ஆன முதல் ஆள் நான். அது போனால் மறுபடி வேறு கம்பெனியில் போய்த் தையல் நூல் பிசிறு வெட்ட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை டேனியலோடு இன்னும் மூன்று பேர் வந்தார்கள். மடத்துக்குளத்திலிருந்து ரங்காத்தாள் அக்கா இரண்டு பஸ் மாறி, ஒரு டப்பா நிறைய எள்ளுருண்டையோடு வந்திருந்தார். அறுபது வயது, தோட்டத்து வேலை. "என்ற ஊட்டுக்காரரு போனப்பக்கூட நா இத்தன அழுவலீங்க," என்று உள்ளே நுழையும்போதே சொல்லிவிட்டு, முதல் எள்ளுருண்டையை அவரே வாயில் போட்டுக்கொண்டார்.

பன்னிரண்டு மணி வரைக்கும் என்ன செய்வது? டேனியல் சேர்த்து வைத்திருந்த பழைய பதிவுகளை டிவியில் போட்டான். கொம்பரசன் வருகிற வாரம். கொம்பரசன் கையை ஓங்கி, "உங்கள் பூமியைப் பொடியாக்குவேன்" என்று கர்ஜிக்கும்போது அவன் இடது கொம்பு கழன்று கேப்டனின் காபி டம்ளரில் விழும். மறுபடி எடுக்க அவர்களுக்கு வசதி இல்லை, அப்படியே ஒளிபரப்பிவிட்டார்கள். கேப்டன் கண்ணைக்கூட இமைக்காமல், "பரவாயில்லை, வேற காபி சொல்றேன்," என்பார். நூறு தடவை பார்த்ததுதான். ஆனாலும் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ரங்காத்தாள் அக்கா பாயில் சாய்ந்தே விட்டார்.

அந்தச் சிரிப்பில் வேன் வந்து நின்ற சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வாசலில் பொன்னுச்சாமி சார். கையில் ஆளுயர ரோஜா மாலை. பின்னால் என் லைன் ஆட்கள் பத்துப் பேர்.

"செத்தது சென்னையா இருந்தா என்னங்க, துக்கம் உங்க ஊட்லதானுங்களே," என்றபடி செருப்பைக் கழற்றினார். உள்ளே கேட்ட சிரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. துக்கத்தில் சிலருக்கு அப்படி ஆகும் என்று நினைத்திருப்பார் போல.

டேனியல் பதறிப்போய் ரிமோட்டை அமுக்கினான். படம் அப்படியே நின்றது. வெள்ளி உடுப்பில் கேப்டன், பக்கத்தில் ஒற்றைக் கொம்போடு கொம்பரசன். என் டேபிள் தேவிப்பிரியா ஓடி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "எங்கள உட்டுட்டுப் போயிட்டீங்களே பெரியப்பா," என்று ஓவென்று அழுதாள். அவளுக்கு யார் செத்தாலும் அழுகை வந்துவிடும். எனக்கு உள்ளங்கால் வரை வேர்த்துவிட்டது.

சார் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். "பெரியப்பாரு மிலிட்டரிங்களா?"

"கேப்டனுங்க," என்றான் டேனியல். அவனைக் கண்ணாலேயே எரித்தேன்.

"பக்கத்துல இருக்கறவரு?"

"அவுரு வெளியூருங்க," என்றார் ரங்காத்தாள் அக்கா, எள்ளுருண்டையை மென்றபடி.

சார் தலையசைத்தார். மாலையை டிவியின் இரண்டு மூலையிலும் மாட்டிச் சரிசெய்தார். கைகூப்பிக் கண்ணை மூடி நின்றார். ஒப்புக்கு நிற்கவில்லை. உதடு அசைந்தது, சாமியிடம் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. ஓட்டையை நிழல் என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். முன்பின் தெரியாத ஒரு மனுஷனுக்காகக் கண்ணை மூடி நிற்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

"சார், இவரு என் பெரியப்பா இல்ல. டிவி நடிகர். எனக்குச் சொந்தமே கிடையாது. நான் பொய் சொல்லிட்டேன்."

தேவிப்பிரியாவின் அழுகை பாதியில் நின்றது. சார் கையை மெதுவாக இறக்கினார்.

"எங்கப்பாரு செத்தன்னிக்கு நா லீவு கேட்டனுங்க," என்றார். "அப்ப நா இன்னொரு கம்பெனில கட்டிங்ல இருந்தனுங்க. அந்த மாசத்துல ஏழு பேரு பொய் சொல்லி லீவு வாங்கியிருந்தாங்களாமுங்க. என்னைய யாரும் நம்பலீங்க. வேல முடிஞ்சு பொழுதோட போயிக்கலாம்னாங்க. நா போறதுக்குள்ள எடுத்துட்டாங்கங்க. அதுக்குத்தானுங்க இந்தச் சட்டம் போட்டது. உங்களுக்குமா இது தெரியாதுங்க?"

இத்தனை 'ங்க'வை அவரிடம் நான் கேட்டதே இல்லை. வேலை போனது போனதுதான். ஆனால் சும்மா ஊர் சுற்ற லீவு எடுத்தவள் என்று அவர் நினைத்துவிடக் கூடாது. அது மட்டும் என்னால் தாங்க முடியாது.

"எனக்குப் பதினோரு வயசுல எங்கம்மா என்னையக் கூட்டிக்கிட்டு கோவில்பட்டில இருந்து இங்க வந்துச்சு சார். அப்பா எங்களை விட்டுட்டுப் போயிட்டாரு. ஞாயித்துக்கிழமையும் அம்மாவுக்கு வேலை இருக்கும். நான் ஒத்தையில இருப்பேன். வீட்டு ஓனர் ஜன்னல் வழியா அந்த சீரியல் தெரியும். ஒவ்வொரு வாரமும் முடியும்போது அவரு நேரா நம்மளப் பாத்து, 'கலத்தில் எல்லாரும் நலம். அங்கே நீ?'ன்னு கேப்பாரு. நான் ஜன்னல் கம்பியப் பிடிச்சுக்கிட்டு, 'நானும் நலம்'னு சொல்லுவேன். அந்த வயசுல நல்லாருக்கியான்னு என்னையக் கேட்ட ஒரே ஆம்பள அவருதான். யாரு தவறிட்டாங்கன்னு நீங்க கேட்டதும் பெரியப்பான்னு வந்துருச்சு. அவ்வளவுதான். நாளைக்குக் கணக்க முடிச்சுக்கிடுதேன்."

 அந்த நேரம் பார்த்து டேனியலின் போன் அடித்தது. எடுக்கவா வேண்டாமா என்று என்னைப் பார்த்தான். எடுக்காமல் இருக்க முடியுமா? அந்தம்மா நெற்றியில் பொட்டில்லாமல், களைத்துப்போய்த் திரையில் தெரிந்தார். டேனியல் என்ன சொல்வதென்று தெரியாமல் போனை அப்படியே அறை முழுக்கச் சுற்றிக் காட்டினான்.

"இத்தனை பேரா?" என்றார் அந்தம்மா. குரல் உடைந்தது. "சுடுகாட்டுக்கு ஒன்பது பேர்தாம்பா வந்தாங்க. அதுல ரெண்டு பேரு பக்கத்து வீட்டு வாடகைக்காரங்க. அவரை எல்லாரும் மறந்துட்டாங்கன்னு நினைச்சேன். அங்க மாலை போட்ட படத்துப் பக்கத்துல நிக்கிறாரே, அவர் யாரு?"

டேனியல் போனை சாரிடம் நீட்டிவிட்டான். அவரோ சாவு விஷயத்தில் பொய்யே சொல்லாத மனுஷன்.

"பொன்னுச்சாமிங்க. பனியன் கம்பெனில மேனேஜருங்க."

"நீங்களும் துருவன் கலம் பாப்பீங்களா?"

சார் என்னைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒரு வாரங்கூட உட்டதில்லீங்கம்மா."

"அப்படியா! எந்த வாரம் ரொம்பப் பிடிக்கும்?"

மாட்டிக்கொண்டார். நெற்றியில் வேர்வை. கண் டிவி பக்கம் ஓடியது. "அந்த... ஒத்தக் கொம்போட ஒருத்தரு வருவாருங்களே. அதுதானுங்க."

அந்தம்மா வாய்விட்டுச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வடிய வடியச் சிரித்தார். "அந்தக் கொம்ப மைதா பசையில ஒட்டினது நான்தாங்க! அன்னிக்கு ராத்திரி பூரா அவரு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. இருபத்தஞ்சு வருஷமா என்னைய மைதான்னுதான் கூப்பிடுவாரு." பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மூணு நாளா நான் சிரிக்கலைங்க. நல்லாருங்க எல்லாரும்," என்று வைத்தார்.

சார் போனை டேனியல் கையில் கொடுத்தார்.  லைன் ஆட்கள் பத்துப் பேரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நாகஜோதி, நாளைக்கு எட்டரைக்கு டேபிள்ல இருக்கோணுமுங்க. கன்டெய்னர் நிக்குது," என்றார். "இன்னிக்கு உங்களது துக்க லீவுதானுங்க. நா வந்து விசாரிச்சாச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. செவ்வாயிலிருந்து அழுத அழுகை வேறு, இது வேறு. எல்லாரும் கிளம்பினார்கள். சார் வாசலில் ஒரு காலைச் செருப்பில் நுழைத்தார். அப்படியே நின்றார். மறுபடி காலை எடுத்துவிட்டு உள்ளே வந்தார்.

"வேன் கொஞ்சம் நிக்கட்டுமுங்க," என்று பாயில் ரங்காத்தாள் அக்கா பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். "டேனியலு, அத மொதல்ல இருந்து போடு கண்ணு. பாத்திருக்கறேன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிப்போட்டேன், இனிப் பாக்காம இருந்தா நல்லாருக்காதுங்க."