யோசிக்க இரண்டு நாள்

"என்னடி இல்வா, காலையிலேயே புளிச்சுப்போய் உக்காந்திருக்க?"

காபி வேளையில் கூட வேலை பார்க்கும் கெர்ஸ்டின் இப்படிக் கேட்காத நாள் கிடையாது. ஸ்வீடன்காரர்களுக்குப் புளித்த பாலும் முகம் கோணிய ஆளும் ஒன்றுதான். இரண்டுக்கும் ஒரே சொல். இல்வாவுக்கோ கோபமே இல்லை. இலவங்கப்பட்டை ரொட்டியை ரசித்துத் தின்றுகொண்டிருந்தாள். நாற்பதைத் தாண்டியதும் புருவங்களுக்கு நடுவே விழுந்த கோடுகள் செய்த வேலை அது. "கோபமெல்லாம் இல்லப்பா" என்று ஆயிரம் தடவை சொன்னால் யாருக்குத்தான் கோபம் வராது?

திங்கட்கிழமை நேர்காணல். இத்தனை வருடம் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்த உமியோ நகர மழலைப் பள்ளிக்கே தலைமைப் பதவி. அது கைநழுவினால் ஓய்வு பெறும்வரை மூக்குதான். அதனால் புதன்கிழமை வேலை முடிந்த கையோடு முகக் கோடுகளைப் போக்கும் போடாக்ஸ் ஊசி போடும் கிளினிக்குக்கு ஓடினாள்.

நர்ஸ் தூவா நிதானமாக விளக்கினாள். ஊசி மூன்று நான்கு மாதம் நிற்குமாம். கிரீமும் லேசரும்கூட உண்டாம்.

"கிரீம் பூசிப் பூசி என் தலகாணிதான் பளபளன்னு ஆகியிருக்கு. ஊசியே போடுங்க, இப்பவே."

"இப்ப முடியாது. விவரம் கேட்டுட்டு ரெண்டு நாள் யோசிச்சுட்டு வரணும். சட்டம்."

"அஞ்சு வருஷமா யோசிச்சாச்சு!"

"அது கணக்குல வராதுங்க. வெள்ளிக்கிழம வாங்க. ஆனா போட்டதும் கோடு போயிடாது, ஒரு வாரமாவது ஆகும்."

"அப்ப திங்கக்கிழமைக்கு?"

"இதே முகம்தான்." தூவா தலையைச் சாய்த்தாள். "கோவப்படுறீங்களா?"

"இல்ல!" என்று கத்திவிட்டு வெளியே வந்தாள் இல்வா. இந்த முறை நிஜமாகவே கோபம்தான்.

திங்கட்கிழமை, நிர்வாகி லென்னார்ட் அவள் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்தபடியே பேசினார். "வேலையில உன்ன அடிச்சுக்க ஆள் இல்ல, இல்வா. ஆனா பிள்ளைய விட வர்ற பெத்தவங்களுக்குக் கொஞ்சம் சிரிச்ச முகமா இருந்தா நல்லாருக்கும். தப்பா எடுத்துக்காத."

பதவி கெர்ஸ்டினுக்குப் போனது. "மனசுல வச்சுக்காதடி" என்று அவள் வந்து கட்டிப்பிடித்தாள். "சந்தோஷம்டி" என்றாள் இல்வா. பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தும் வைத்தாள்.

இனி யாருக்காக அந்த ஊசி என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனாலும் போனாள், வீம்புதான்.

தூவா வெள்ளைப் பென்சிலோடு குனிந்தாள். "எங்க, நல்லா கோவமா முறைங்க பாப்போம். தசை எங்க இழுக்குதோ அங்க குறி வைக்கணும்."

வாழ்நாளில் இல்வாவிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. முறைத்தாள். லென்னார்டின் குனிந்த தலை வந்தது, கெர்ஸ்டினின் கட்டிப்பிடிப்பு வந்தது, ரொட்டியை நிம்மதியாகத் தின்ன விடாத அத்தனை காலைகளும் வரிசை கட்டி வந்தன. தூவா தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனாள்.

"போதும் இல்வா, குறிச்சாச்சு. முகத்தத் தளர விடுங்க."

"இருங்க," என்றாள் இல்வா. "இன்னும் முடியல."