பின்பக்கமாகப் படி இறங்கியவன்

…பின்பக்கமாகத்தான் இறங்கினான், அதில் சந்தேகமே இல்லை, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, முகத்தைப் படிகளுக்குக் கொடுத்து முதுகைத் தெருவுக்குக் காட்டி, நண்டு வளைக்குள் இறங்குகிற மாதிரி ஒவ்வொரு படியாக, இருபத்திரண்டு வயசுப் பையன், கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம், போன மாதம் பாதி மைதானத்திலிருந்து உதைத்துக் கோல் போட்டவன், அவன் போய் ஒரு கடைவீட்டு மாடிப்படியைக் கண்டு ஏன் இப்படிப் பம்ம வேண்டும்… ஈப்போவில் ஒரு சின்னக் கால்பந்துக் கிளப்புக்கு வேன் ஓட்டும் உடையப்பன் இதைப் போன செவ்வாய்க்கிழமையே பார்த்துவிட்டார், கேட்டும்விட்டார். பையன் கொஞ்சமும் அசரவில்லை. “எங்கள் ஐஸ்லாந்தில் எல்லாரும் இப்படித்தான் இறங்குவோம் அங்கிள், படியெல்லாம் பனி, வழுக்கும்” என்றான். நல்ல பொய். முகத்தில் ஒரு தசை ஆடவில்லை, குரல் ஏறவில்லை, உடையப்பன் பாதி நம்பிக்கூட விட்டார், ஆனால் போதும் என்கிற இடத்தில் பையனுக்கு நிறுத்தத் தெரியவில்லை, “என் அம்மாகூட அப்படித்தான்” என்று ஒன்றைச் சேர்த்தான், அங்கேதான் கெட்டது, இதெல்லாம் பழக்கத்தில் வர வேண்டியது.

பழக்கம் என்றால் உடையப்பனுக்கு அறுபது வருஷப் பழக்கம். செமோர் காப்பிக்கடையில் அவர் வாயைத் திறந்தாலே நாற்காலிகள் பக்கத்தில் நகரும். சிம்பாங் பூலாயில் ஒரு விடியற்காலை கேமரன் மலைப் பனி இறங்கி வேனை மறித்ததும், அவர் பாராங் கத்தியால் அதை வெட்டி, ஒரு துண்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து பெண்டாட்டிக்குக் கொடுத்ததும் ஊருக்கே தெரியும். ரப்பர்த் தோட்டத்தில் ஒரு மலைப்பாம்பு தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வந்து ஆட்களோடு வரிசையில் நிற்கும், கணக்கெழுதுகிற கிராணி பேர் கூப்பிடும்போது தலையைத் தூக்கும், பாவம் பார்த்து அதற்கு அரைநாள் பேர் போட்டார்கள்… இந்தப் பையன் வந்து சேர்ந்த பிறகு கதைக்குப் புது ஊரே கிடைத்தது, ஐஸ்லாந்திலும் தோட்டம் உண்டு, நாம் பால்மரம் சீவுகிற மாதிரி அங்கே பனிக்கட்டி சீவுவார்கள், விடியுமுன் சீவி முடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் வாளியில் தண்ணீர்தான் மிஞ்சும். யாரும் நம்புவதில்லை, யாரும் எழுந்து போவதுமில்லை, அதுதான் கணக்கு. ஆனால் இன்றைக்கு, சற்று முன்பு, மழையில் வேனை நிறுத்திக் காத்திருந்தபோது, அதே படியில் அதே முதுகு. இறங்கி வந்தவன் கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்து, இடது முழங்காலை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே வைத்தான், சாமான் வைக்கிற மாதிரி. இந்தத் தடவை பனி, அம்மா என்று கதை எதுவும் இல்லை. “ஜாங்ஙான் சாக்காப், அங்கிள்” என்றான். சொல்லிவிடாதீங்க. இங்கே வந்து கற்ற நாலைந்து மலாய்ச் சொல்லில் இரண்டை இதற்குச் செலவழித்தான்.

சொன்னால் என்ன ஆகும்? சொன்னால் இன்றைக்கு ஆட்டத்தில் அவனை இறக்க மாட்டார்கள், அவ்வளவுதான், ஆனால் அந்த அவ்வளவுதான் எவ்வளவு… ஜப்பானிலிருந்து ஒரு கிளப்பின் ஆள் வந்திருக்கிறார், இந்த ஓர் ஆட்டத்தைப் பார்க்க, இவன் ஒருவனைப் பார்க்க, நாளைக்குக் காலை திரும்பிப் போய்விடுவார். பையன் பதினாறு வயசில் மீன் நாற்றம் அடிக்கிற துறைமுகத்திலிருந்து கிளம்பி டென்மார்க், அங்கே இரண்டு குளிர்காலம் பெஞ்சைச் சூடாக்கினான், அப்புறம் நார்வேயில் இரண்டாம் பிரிவு, அங்கிருந்து வேறொரு கிளப்புக்கு இரவல், இரவல் வாங்கியவர்களும் கைகொடுத்து அனுப்பிவிட்டார்கள், கடைசியில் பூமியைச் சுற்றி ஈப்போ. மேலே போகிறவன் எவனும் இந்த வழியாகப் போவதில்லை என்று அவனே ஒரு நாள் சொன்னான், வருத்தமில்லாமல், ரயில் நேரம் சொல்கிற மாதிரி. சொல்லாவிட்டால்? சமதரையில் வலி இல்லையாம், ஓடும்போது ஒன்றுமே இல்லையாம், இறங்கும்போதுதானாம், கிளப்பின் பிசியோ படுக்க வைத்து மடக்கிப் பார்த்தபோது பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தானாம். ஒருவேளை ஒன்றுமே இல்லாமல்கூட இருக்கலாம். ஒருவேளை இன்றைக்குப் பாதி ஆட்டத்தில் பட்டென்று போய், ஜப்பானும் இல்லை ஈப்போவும் இல்லை, ஆயுசுக்கும் படிக்கட்டைப் பார்த்தபடி இறங்கவேண்டியும் வரலாம். உடையப்பன் சிவப்பு விளக்கில் நின்றார். சுண்ணாம்பு மலைகளின் தலையை மேகம் மூடியிருந்தது. இந்த வயசில் ஒரு வேன் டிரைவர் கையிலா இதைக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.

பையன் பேர் ஸ்டெய்னார். காப்பிக்கடையில் முதல் நாளே உடையப்பன் விளக்கிவிட்டார், பேரிலேயே ‘ஆர்’ இருக்கிறது, மரியாதை கூடவே பிறந்த பிள்ளை, ஆகவே யாரும் அவன் இவன் என்று பேசக்கூடாது என்று. கடையில் அவரைத் தவிர எல்லாரும் அப்படியே நடந்துகொண்டார்கள். சட்டை முதுகில் மட்டும் ஹால்சன் என்று இருக்கும், ஸ்டேடியம் முழுக்க ஹால்சன் ஹால்சன் என்று கத்தும், பையனுக்கு அது சிரிப்பாக இருக்குமாம், ஏனென்றால் அது அவன் பேரே இல்லை, குடும்பப் பேரும் இல்லை, ஹால் என்கிறவரின் மகன், அவ்வளவுதான், அவர்கள் ஊரில் குடும்பப் பேர் வைப்பது அபூர்வம். ஒரு தடவை வேனில் மாட்டியிருந்த உடையப்பனின் லைசென்சை எடுத்துப் படித்தான், உடையப்பன் அ/லெ இராமசாமி. இராமசாமி உங்கள் குடும்பமா என்றான். குடும்பம் இல்லை, அப்பா, அ/லெ என்றால் அனாக் லெலாக்கி, மகன்… அவ்வளவுதான், பையன் டேஷ்போர்டைத் தட்டித் தட்டிச் சிரித்தான், சேம் சேம் அங்கிள், சேம் சேம், வந்து மூன்று மாதத்தில் அவன் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தார். உலகத்தில் பாதிப் பேருக்கு விளக்கி விளக்கியும் புரியாதது இவன் ஒருவனுக்கு ஒரே வார்த்தையில் புரிந்தது.

இராமசாமிக்கும் முட்டிதான், அதுவும் இடதா வலதா, இடது, இடதுதான்… விடியற்காலைப் பெரட்டில் நொண்டிக்கொண்டு போய் நின்றால் கிராணி பேர் போட மாட்டார், திரும்பி லயத்துக்குப் போ என்பார், பேர் இல்லையென்றால் அன்றைக்கு உலை இல்லை. இராமசாமி நொண்டிக்கொண்டுதான் போய் நின்றார். “என்னடா காலு?” என்றார் கிராணி. “மாரியம்மன் திருவிழாவுல ராத்திரி பூரா ஆடுனேன்யா, அம்மா எறங்கிட்டா, இன்னும் காலை விட்டுப் போவ மாட்டேங்குறா” என்று முகத்தில் சலனமில்லாமல் சொன்னார் மனுஷன், திருவிழா முடிந்து அப்போது இரண்டு மாதம். மொத்தப் பெரட்டும் சிரித்தது, கிராணியும் சிரித்தார், பேர் விழுந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்காட்டில் ஏறினார். உலை கொதித்தது. அந்தக் கால் அதற்கப்புறம் மடங்கவே இல்லை, சாகும்வரை சம்மணம் போட்டு உட்கார்ந்ததில்லை, காலை நீட்டித்தான் சாப்பிடுவார், நீட்டிய காலைத் தாண்டித்தான் பிள்ளைகள் போக வேண்டும். அது நல்லதா கெட்டதா? உலை கொதித்ததே… கால் போயிற்றே… அப்பாவிடமிருந்து பேர் மட்டுமா வந்தது.

ஸ்டேடியம் வந்ததும் பையன் உடை மாற்றப் போய்விட்டான், மழை விட்டிருந்தது, கோட்டோரம் பெஞ்சு அருகே மேனேஜர் இராஜசிங்கம் குடையை மடக்கிக்கொண்டு நின்றார், மூன்று தலைமுறைக்கு முன் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம், இன்னும் பேச்சில் அந்த ஊர் விட்டுப்போகவில்லை. பக்கத்தில் சட்டை, பந்து, தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் தர்மா. “என்ன உடையப்பன், பெடியன் எப்படி? நல்லா நித்திரை கொண்டவனோ? இண்டைக்கு அவனை நம்பித்தான் எல்லாம்” என்றார் இராஜசிங்கம். கேட்டுவிட்டார். கேட்காமல் இருந்திருந்தால் சொல்லாமல் இருந்திருக்கலாம், கேட்ட பிறகு… வாயைத் திறக்க உடையப்பன் இப்படி யோசித்ததே இல்லை, அறுபது வருஷத்தில் யோசித்ததே இல்லை. “சார், பையனுக்கு எடது முட்டி போச்சு” என்றார். இராஜசிங்கத்தின் முகம் மாறியது, நிஜமாகவே மாறியது, குடை நுனி தரையில் குத்தி நின்றது. அந்த முகத்தைப் பார்த்தார், ஒரு மூச்சு விட்டார், பிறகு சொன்னார், “மாடியிலேருந்து… பின்பக்கமாத்தான் எறங்குறான்.”

முதலில் சிரித்தது தர்மாதான். “பின்பக்கமாவா? அண்ணே, அப்ப ஏறும்போது தலைகீழா ஏறுவானா லா?” இராஜசிங்கம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “ஐயோ மனுசா, ஒரு நிமிசம் உயிர் போட்டுது எனக்கு. பாம்புக்கு அரைநாள் சம்பளம் போட்ட ஆள்தானே நீர்.” “இல்ல சார், கண்ணால பாத்தேன்” என்றார் உடையப்பன். “பாம்பையும் கண்ணாலதான பாத்தீங்க” என்றான் தர்மா, இன்னும் இரண்டு பேர் சிரித்தார்கள், யாரோ முதுகில் தட்டினார்கள். சத்தியமா என்று சொல்லியிருக்கலாம். அப்பா மேல் ஆணை என்று சொல்லியிருந்தால் இராஜசிங்கம் நின்றிருப்பார், அந்த மாதிரி ஆணையிட்டு உடையப்பன் ஒரு பொய்யும் சொன்னதில்லை என்று அவருக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை? வாய்வரை வந்தது. வந்ததா?

உடைமாற்றும் அறையிலிருந்து மைதானத்துக்கு இறங்க நாலைந்து படி உண்டு, சிமெண்டுப் படி, ஈரமாக இருந்தது. ஆட்டக்காரர்கள் வரிசையாக வந்தார்கள், கூட்டம் எழுந்தது, கடைசியில் ஸ்டெய்னார். படியின் விளிம்பில் ஒரு கணம் நின்றான். பிறகு நேராக, முகத்தைக் கூட்டத்துக்குக் கொடுத்து, ஒன்று, இன்னொன்று என்று இறங்கினான், முகத்தில் ஒரு தசை ஆடவில்லை, நன்றாகத் தேறிவிட்டான். “பாரும், நேராத்தான் இறங்குறான்” என்று விலாவில் இடித்தார் இராஜசிங்கம். பையன் உடையப்பனைத் தாண்டும்போது கண்ணைச் சிமிட்டினான், சொல்லவில்லைதானே என்று கேட்கிற மாதிரி, சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும் என்கிற மாதிரி. முதுகில் அப்பா பேர். ஹால்சன், ஹால்சன்… விசில் ஊதினார்கள். உடையப்பன் தன் இடது முட்டியை இறுக்கிப் பிடித்திருந்ததை அப்போதுதான் பார்த்தார். சொன்னேனே, வார்த்தை பிசகாமல் சொன்னேனே, அப்புறம் என்ன… முட்டி போச்சு என்பதோடு நிறுத்தியிருந்தால் போதும், அந்த முகம் நம்பிவிட்டது, குடை தரையில் குத்தி நின்றுவிட்டது. போதும் என்கிற இடம் அதுதான். அதற்கப்புறம் அந்த மூச்சு, அந்த இடைவெளி, பாம்பு தலையைத் தூக்கும் முன் காப்பிக்கடையில் எப்போதும் விடுகிற அதே இடைவெளி, எல்லாரும் சிரிக்கத் தயாராகிற அந்த இடைவெளியை அங்கே வைத்தது யார்?