என் கையைக் குறை சொல்லாதீங்க

மூன்றாம் முறையும் மார்லிஸ் காய்ச்சிய பீர் புளித்துப்போயிருந்தது. எங்கள் டுலூத் ஊரில் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கக் கூட்டத்தில் ஆரின் லுண்ட் ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியைத் தொட்டியில் கொட்டினார்.

"ஏம்மா, பாத்திரத்தைக் கழுவினியா, நாயை விட்டு நக்கச் சொன்னியா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மார்லிஸ் என் மனைவி. அவள் எப்படிக் கழுவுவாள் என்று எனக்குத் தெரியும். குடுவை, புனல், மூடி எல்லாம் கொதிநீரில் கிடக்கும். கிருமிநாசினியில் முக்கியெடுத்த கரண்டி மேசையில் பட்டுவிட்டால் மறுபடி முக்க வேண்டும். பீரை நொதிக்கவைக்கும் ஈஸ்ட்டை வளர்க்கிற நாளில் எங்கள் சமையலறையில் நான் தும்மக்கூட முடியாது.

"கழுவினேன். ஈஸ்ட்தான் நீங்க கொடுத்தது," என்றாள் மார்லிஸ்.

சிரிப்பு நின்றது. ஆரின் சங்கத் தலைவர். அவர் ஜாடியிலிருந்துதான் எல்லோரும் ஈஸ்ட் வாங்கிப் போவோம். கொஞ்ச நாளாகவே எங்கள் பீரிலெல்லாம் ஒரு புளிப்பு. மற்றவர்கள் காய்ச்சும் கறுப்பு பீரில் அது அவ்வளவாகத் தெரியாது. மார்லிஸ் காய்ச்சுவது வெளிர் பீர்.

"அது டெல்மர் விட்டுட்டுப் போன ஈஸ்ட்டும்மா," என்றார் ஆரின். டெல்மர் அவருடைய இறந்துபோன அண்ணன்.

"அதுக்காக என் கையைக் குறை சொல்லாதீங்க. உங்க வீட்டுக்கே வரேன். உங்க அடுப்பு, உங்க பாத்திரம். நீங்களே கழுவுங்க. நான் எதையும் தொடமாட்டேன்."

சனிக்கிழமை போனோம். ஆரின் வீம்புக்கென்றே தேய்த்தார். மூன்று குடுவைகளில் பார்லி மால்ட் கரைசலைக் கொதிக்கவைத்து, அலுமினியத் தாளால் மூடி ஆறவிட்டார். ஒன்றில் ஜாடி ஈஸ்ட்டை ஊற்றினார். இன்னொன்றில் கடை ஈஸ்ட். பாக்கெட்டையும் கத்தரியையும்கூடக் கிருமிநாசினியால் துடைத்துவிட்டுத்தான் வெட்டினார். மார்லிஸ் கோட்டுப் பைக்குள் கைவிட்டபடி நின்றாள்.

"மூணாவதுல?"

"ஒண்ணும் போடாதீங்க. பாத்திரத்துல அழுக்கிருந்தா அதுவும் கெடும்."

சில நாள் கழித்துப் போனபோது மூன்றாவது குடுவை தெளிவாக இருந்தது. கடை ஈஸ்ட்டில் ரொட்டி மணம். ஆரின் ஜாடி ஈஸ்ட் ஊற்றிய குடுவையின் தாளை நீக்கினார். வினிகர் நெடி வாசலில் நின்ற எனக்கே எட்டியது.

"இன்னொரு தடவை செஞ்சு பாக்கலாம்," என்றார்.

"பத்துத் தடவை செய்யுங்க."

அவர் ஜாடியைக் கையில் எடுத்தார். "அவனோடதுன்னு இது ஒண்ணுதான் இருக்கு." போய்விடலாம் என்று நான் கதவைத் திறந்தேன். மார்லிஸ் நகரவில்லை.

"யாரு கொட்டச் சொன்னா? வச்சுக்கோங்க. ஆனா இனி யாருக்கும் கொடுக்காதீங்க. அதையும் கூட்டத்துல, எல்லார் முன்னாடியும் சொல்லணும்."

"சொல்லலைன்னா?"

"இந்தக் குடுவையைத் தூக்கிட்டு வருவேன். திறந்தாப் போதும்."

அடுத்த கூட்டத்தில் ஆரின், எழுந்திருக்காமலே, ஈஸ்ட் கெட்டுவிட்டது, தன் தப்புதான் என்று சொன்னார். மன்னிப்புக் கேட்கவில்லை. மார்லிஸும் எதிர்பார்க்கவில்லை. அந்த வாரமே நாலாவது முறை காய்ச்சினாள். இந்தத் தடவை கடை ஈஸ்ட். பீர் அருமையாக வந்தது. அதற்கடுத்த கூட்டத்தில் ஆரின் ஒரு கோப்பை முழுக்கக் குடித்துவிட்டு, காலிக் கோப்பையை அவள் பக்கம் நீட்டினார்.

"பீப்பாய் அங்க இருக்கு. நீங்களே ஊத்திக்கோங்க," என்றாள்.