தேவுட்டிக்காக ஒரு சங்கிலி ஜெபம்

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்கு ஜெபம், ஏழரைக்கு சீரியல். நியூஸ் பார்க்க எனக்கு மிச்சம் கிடைப்பது அதற்கு முன்னால் என் மனைவி லீலாபாய் அடுக்களையில் நிற்கிற கொஞ்ச நேரம்தான். கல்யாணமான காலத்திலிருந்து இதுதான் ஏற்பாடு. சேனல்கள் எத்தனையோ மாறிவிட்டன, ஏற்பாடு மாறவில்லை.

ஜெபத்தில் நான் கண்ணை மூடுவதில்லை. பாறசாலை டிப்போவில் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவன் நான், கண்ணை மூடினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "ஆண்டவருக்க முன்னாலயும் ஸ்டியரிங்க விடமாட்டியளா?" என்று லீலாபாய் கேட்பாள். கண்ணைத் திறந்து வைத்திருந்ததால்தான் அவள் ஜெபிப்பதை இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. முந்தானை தலையில் கிடக்கும், கை இரண்டும் மடியில் இருக்கும், உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடும். அப்போது அவள் நல்ல அழகு. இதை அவளிடம் சொன்னதில்லை.

அவள் ஜெபம் பெங்களூரில் இருக்கிற எங்கள் மகன் சஜுவில் தொடங்கும். அங்கிருந்து ரப்பர் விலைக்கு வரும், மழைக்கு வரும், பொழியூரில் கடல் எடுத்துக்கொண்டுபோன வீடுகளுக்குப் போகும். எங்கேயோ நடக்கிற சண்டைக்குப் போகும். சண்டை போடுகிற இரண்டு பக்கத்துத் தாய்மாரையும் ஆண்டவர் கையில் ஒப்படைக்கும். ஆஸ்பத்திரியில் கிடக்கிற சினிமா நடிகர், பரோட்டா தின்று செத்துப்போனதாக வாட்ஸ்அப்பில் வந்த ஆள், எல்லாரும் உண்டு. ஒரு முறை கிரிக்கெட்டில் முக்கியமான கேட்சை விட்ட பையனுக்காகவும் ஜெபித்தாள். "நாட்டுக்காரரு ஒக்க அவனப் போட்டு ஏசுறாங்க ஆண்டவரே, அவனுக்கும் ஒரு அம்மை உண்டு" என்றாள். அந்தப் பையனை அன்றைக்கு நன்றாக ஏசியவர்களில் நானும் ஒருத்தன்.

"தலைப்புச் செய்திகள், வாசிப்பது லீலாபாய்" என்று கேலி செய்தேன்.

"நீங்க பாக்குறிய, நான் அவருகிட்ட சொல்லுறேன்" என்றாள். "பாத்துட்டுச் சும்மா இருக்கதுக்கா அதையெல்லாம் காட்டுறாங்க?"

பக்கத்து வீட்டு ஷியாமளாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்காரன் பொன்னப்பன் வயரிங் வேலை செய்கிறவன், வீட்டில் எங்கள் டிவியைவிடப் பெரிய டிவி உண்டு. ஆனாலும் சீரியலைத் தனியாகப் பார்த்து அழுவதில் அவளுக்கு ருசி இல்லை. ஏழரைக்கு முன்னால் மரச்சீனிக் கிழங்கு வற்றல் டப்பாவோடு வந்து எங்கள் படியில் நிற்பாள். உள்ளே "ஆமென்" கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு வருவாள். ஆமென் கேட்காமல் ஒருநாளும் வாசலைத் தாண்டியதில்லை. யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவும் இல்லை.

இந்த சீரியலில் தேவுட்டி என்று ஒரு சின்னப் பிள்ளை. திருவிழாக் கூட்டத்தில் காணாமல் போய்விட்டாள். உண்மையில் அவளுடைய அத்தைதான் ஒளித்து வைத்திருக்கிறாள், அது நமக்குத் தெரியும், தாய்க்காரி நந்தினிக்குத் தெரியாது. நந்தினி அழுதாள், லீலாபாய் அழுதாள், ஷியாமளா வற்றலைக் கையில் வைத்துக்கொண்டே அழுதாள். போலீஸ்காரன் கண்முன்னே இருக்கிற வீட்டில் தேடாமல் ஊரெல்லாம் ஜீப்பில் சுற்றினான். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சமல்ல.

அந்த வாரம் எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தின் வீட்டுக் கூட்டம். அங்கே ஒவ்வொருத்தராகச் சத்தமாக ஜெபிப்பது முறை. லீலாபாய் முறை வந்ததும் வழக்கம்போல வெள்ளமாக ஓடியிருக்கிறாள். அந்த ஓட்டத்தில், "காணாமப் போன தேவுட்டியையும், அவளுக்க அம்மை நந்தினியையும் ஓர்த்துக்கணும் ஆண்டவரே" என்றும் வந்துவிட்டது. தலைவி புஷ்பபாய் ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ். அவருக்கு சீரியல் பார்க்கிற வழக்கம் கிடையாது. ஜெபம் முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்தப் பிள்ளைக்காகச் சங்கிலி ஜெபம் வைக்கணும் என்று சொல்லிவிட்டார். விடியற்காலம் முதல் இருட்டும்வரை வீட்டுக்கு ஒரு மணி நேரம் என்று பங்கு போட்டு, நடுவில் கண்ணி அறாமல் ஜெபிப்பதுதான் சங்கிலி ஜெபம். லீலாபாய் வாயைத் திறப்பதற்குள் புஷ்பபாய் வீடு வீடாக நேரத்தைப் பிரித்துக் கொடுத்து முடித்தாயிற்று. சபையில் நந்தினி என்ற பெயரில் உள்ளவர்களும் குறைவில்லை. யாரும் எந்த நந்தினி என்று கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது எனக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. போய் என்னண்ணு சொல்ல?"

"சீரியலுண்ணு சொல்லு."

"புஷ்பபாய் இப்பம் பட்டினி கிடந்து ஜெபிக்காராக்கும். எப்பிடிச் சொல்ல?"

அவள் நாளை நாளை என்று தள்ளிப்போட, சங்கிலி நீண்டது. நெய்யாற்றின்கரையில் ஒரு சபை சேர்ந்தது, கள்ளிக்காட்டில் புஷ்பபாயின் தங்கை சபையும் சேர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து அறிவிப்பு வாசிக்கும்போது எங்கள் போதகர், அச்சன் என்று கூப்பிடுவோம், சின்ன வயதுக்காரர், பலிபீடத்துக்கு முன்னால் நின்று கேட்டார்: "அந்தக் குழந்தை கிட்டியாச்சா? சாயங்காலம் நான் அந்த வீட்டுக்கு ஒண்ணு போகணும். ஆருக்க குடும்பமாக்கும்?"

எல்லாரும் லீலாபாயைப் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள்.

"அச்சா, அது... ஏழரைக்கு வாறதாக்கும். டிவியில."

சபையில் முதலில் ஒரு பிள்ளை சிரித்தது. பிறகு எல்லாரும் சிரித்தார்கள். புஷ்பபாய் மட்டும் சிரிக்காமல், "தெய்வ சன்னிதியில இது என்ன விளையாட்டு?" என்றார். லீலாபாய் உட்கார்ந்தாள்.

இரண்டே நாளில் வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கர் வந்தது. சபைக் கன்வென்ஷனில் கைகூப்பி நிற்கிற லீலாபாய் படம், கீழே "தேவுட்டிக்காக ஜெபிக்கிறோம்". யார் செய்தது என்று தெரியவில்லை. அது காட்டாக்கடைப் பக்கமெல்லாம் சுற்றி பெங்களூர் வரைக்கும் போய், சஜுவே தன் அம்மாவுக்கு அதை அனுப்பினான், கூடவே ஒரு வரிசை சிரிக்கிற முகங்களும். அவனை ஃபோனில் நான் ஏசியதை இங்கே எழுத முடியாது. "தமாஷுக்குத்தானே அப்பா" என்றான். தமாஷுதான். அவள் அதைப் பார்த்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வைத்ததை அவன் பார்க்கவில்லையே.

அன்றிலிருந்து வீட்டில் ஜெபத்தில் சத்தம் இல்லை. "மனசுக்குள்ள ஜெபிப்பம்" என்பாள். முந்தானையைப் போடுவாள், உதடு மட்டும் அசையும். ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம்கூடக் கேட்டது.

அச்சன் வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னார். நல்ல மனுஷன். "லீலா அம்மா, இயேசு சொன்ன உவமைகளில வாறவங்க ஆருக்காவது ரேஷன் கார்டு உண்டா? கதையில உள்ளவங்களுக்காக நாம அழணும்ணுதானே அவரு சொன்னது?" என்றார். எனக்கு அது ரொம்பவும் பிடித்திருந்தது. லீலாபாய் சிரித்தாள், சாயா கொடுத்தாள், அனுப்பி வைத்தாள். சாயங்காலம் மறுபடியும் ஃப்ரிட்ஜ் சத்தம்தான்.

ஒரு நாள் நானே சத்தமாக ஜெபிக்கப் பார்த்தேன். சஜுவுக்குப் பிறகு எனக்கு யாரும் ஞாபகம் வரவில்லை. தினமும் நியூஸ் பார்க்கிறவன்! கடலையும் சண்டையையும் காட்டினார்கள், பார்த்தேன், சும்மா இருந்தேன். யாருக்காகவும் கேட்கத் தெரியாத ஒரு ஆளாக என் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பது எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் குரல் வேண்டும்போல இருந்தது. அவள் பக்கத்திலேயே இருக்கும்போது இப்படி ஒரு ஏக்கம் வரும் என்று நான் நினைத்ததில்லை.

ஷியாமளாவுக்கும் கஷ்டம்தான். ஆமென் கேட்காததால் எப்போது உள்ளே வருவது என்று தெரியாமல் படியிலேயே நின்றாள். சீரியல் பாதி ஓடிய பிறகு, "வரலாமா அண்ணா?" என்று எட்டிப் பார்ப்பாள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, வருவதைக் குறைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் வளைகுடாவில் சண்டை வந்தது. நியூஸில் ராத்திரி வானத்தில் நெருப்புக் கோடுகளாகக் காட்டினார்கள். ஷியாமளாவின் மகள் ஆதிரா அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். எங்கள் வீட்டில் விளையாடி வளர்ந்த பிள்ளை. காலையிலிருந்து அவள் ஃபோன் கிடைக்கவில்லை. பொன்னப்பன் முற்றத்தில் ஃபோனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அங்குமிங்கும் நடந்தான்.

அன்றைக்கு ஏழு மணிக்கு முன்னாலேயே ஷியாமளா வந்தாள். கையில் வற்றல் டப்பா இல்லை. படியில் நிற்கவும் இல்லை, நேராக உள்ளே வந்து ஜெபத்துக்கு விரித்த பாயில் லீலாபாய் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அக்கா, ஜெபி."

"ஜெபிச்சோண்டுதான் இருக்கேன் மக்கா. காலையில இருந்து மனசுக்குள்ள..."

"மனசுக்குள்ள ஜெபிச்சா எனக்குக் கேக்காது. எனக்குக் கேக்கணும்."

லீலாபாய் தலையைக் குனிந்துகொண்டாள். "எனக்கு இப்பம் சத்தம் வரமாட்டேங்கு பிள்ள. வாயத் திறந்தா அந்தச் சிரிப்பாக்கும் காதுல கேக்குது."

ஷியாமளா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இல்லாத பிள்ளைக்கு மூணு சபைய ஜெபிக்க வச்சவளில்லியா நீ? எனக்க பிள்ள உள்ளவளாக்கும் அக்கா."

லீலாபாய் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டாள்.

முதலில் "ஆண்டவரே" என்று மட்டும் வந்தது. திரும்பவும் "ஆண்டவரே". பிறகு ஆதிராவின் பெயர் வந்தது. அவள் சின்னதில் எங்கள் மாமரத்திலிருந்து விழுந்தது வந்தது, அவள் வேலை செய்கிற வார்டு வந்தது, அங்கே கட்டிலில் கிடக்கிறவர்கள், அவளைப்போல வீட்டுக்குப் பேச முடியாத எல்லாப் பிள்ளைகளும் வந்தார்கள். ராக்கெட் விடுகிறவர்களையும் அவள் விடவில்லை, அவர்களுடைய அம்மைமாரையும் விடவில்லை. உடம்பு பழையபடி ஆடத் தொடங்கியது. இடையில் பொழியூர் கடலும் வந்துவிட்டது. ஷியாமளா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். பொன்னப்பன் எப்போது வந்தான் என்று தெரியவில்லை, படியில் நின்றிருந்தான். ஏழரை தாண்டியது. யாரும் டிவியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆதிரா மறுநாள் விடியும்போது கூப்பிட்டுவிட்டாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், சீரியல்காரனைப்போல உங்களை அழ வைத்துக்கொண்டிருக்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அன்றைக்கு அந்தப் பாயில் இருந்த யாருக்கும் அது தெரியாது.

ஜெபம் முடிகிற இடத்துக்கு வந்ததும் லீலாபாய் சட்டென்று நிறுத்தினாள். யாரையோ சொல்ல நாக்கு வரை வந்து, வேண்டாம் என்று விழுங்குவது எனக்குத் தெரிந்தது. அது யாரென்றும் தெரிந்தது.

ஷியாமளா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். முழங்கையால் மெல்ல இடித்தாள்.

"அந்தப் பிள்ளையையும் சொல்லு அக்கா. அவளும் இன்னும் கிட்டல்லியே."

லீலாபாய்க்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "தேவுட்டியையும், ஆண்டவரே" என்றாள்.

நான்தான் முதலில் ஆமென் சொன்னேன். வீடு அதிரச் சொன்னேன். அதைக் கேட்டு பொன்னப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.