ஒன்பது பெஞ்சு மீன்கொத்தி

ஆற்றங்கரைப் பூங்காவில் ஒன்பது பெஞ்சுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கோஷ்டி. முதல் பெஞ்சு முடிதிருத்துபவருக்கும் அவர் கையில் தலையைக் கொடுத்தவர்களுக்கும். நாலாவது தையல்காரருடையது. ஒன்பதாவதில் நடக்கவென்று வந்து உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறவர்கள். ஒருவர் பெஞ்சில் இன்னொருவர் உட்காருவதில்லை. இப்படி எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருந்தால் முதல் நாளே மீறியிருப்பார்கள்.

பூங்காவுக்கும் ஆற்றுக்கும் நடுவே நீளமாக நாணல் புதர். நாலாவது பெஞ்சிலிருந்து ஆறாவது வரை அதை வெட்டிவிட்டு, தண்ணீரில் இறங்கும் சிமெண்டுப் படிகள் கட்ட நகராட்சி முடிவு செய்தது. மக்கள் படகு விட வசதியாக இருக்குமாம். ஊரில் யாரிடமும் படகு இல்லை. படி வந்தால் படகு தானாக வந்துவிடும் என்பது பொறியாளரின் நம்பிக்கை. பெஞ்சுக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மனு கொடுத்தார்கள். அங்கே மீன்கொத்தி இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

"எத்தனை இருக்குன்னு நாலு ஞாயிறு எண்ணிக் கொடுங்க. திங்கட்கிழமை முடிவு பண்ணிடலாம்" என்றார் பொறியாளர்.

பெஞ்சுக்கு ஒருவர் பார்த்து நேரத்தோடு சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. அதை எழுதும் எண்ணிக்கை நோட்டு, தினமும் காலையில் பூங்காவுக்கு வரும் அக்கா ஒருத்தியிடம் வந்தது. அஞ்சலகத்தில் பதினெட்டு வருடமாகக் கடிதங்களைத் தெருவாரியாகப் பிரிக்கிறவள் என்பதால், பெஞ்சுவாரியாகப் பறவையைப் பிரிப்பதும் அவளுக்குக் கைவந்த கலையாக இருக்கும் என்று நினைத்தார்கள். அவளுக்கும் நாணல் வேண்டியிருந்தது. பகல் முழுக்க ட்யூப்லைட்டுக்கு அடியில் பிறர் முகவரி படிக்கிறவள், காலையில் முகவரி எழுதாத ஓர் இடத்தைப் பார்த்துவிட்டுப் போக ஆசைப்பட்டாள். அந்த இடம் போய்விட்டால் வேறு இடம் அவளுக்குத் தெரியாது.

படிகளின் பிளானை வரைந்தவன் அவளுடைய தம்பி. நகராட்சியில் வரைவாளர். இருவருக்கும் ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. மேசையின் ஒரு பாதியில் பிளான், மறுபாதியில் நோட்டு. தட்டு வைக்கத்தான் இடமில்லை.

மூன்று ஞாயிறும் கணக்கு ஒன்றுதான்: பெஞ்சுக்கு ஒன்றாக ஒன்பது மீன்கொத்திகள். நாலாவது வாரம் வெள்ளிக்கிழமை மாலை அதையெல்லாம் ஒரே தாளில் நகல் எடுக்கும்போது அக்காவின் பேனா நின்றது. பறவையைப் பார்த்த நேரங்கள்: முதல் பெஞ்சு ஆறு மணி ஐந்து நிமிடம். இரண்டாவது ஆறு ஒன்பது. மூன்றாவது ஆறு பன்னிரண்டு. இப்படியே ஒன்பதாவது ஆறு முப்பத்தைந்து. மற்ற இரண்டு ஞாயிறும் இதே வரிசை, இதே நேரம்.

"டேய், இங்க பாரு. இது ஒன்பது பறவை இல்ல. ஒண்ணே ஒண்ணு தபால்காரர் மாதிரி வீடு வீடா போகுது. ஒவ்வொரு வீட்லயும் தனித்தனியா எண்ணியிருக்காங்க."

தம்பி அளவுகோலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ எதையும் காட்டல. நான் எதையும் பாக்கல. ஒன்பதுன்னே கொடு. எங்க ஆபீஸ்ல எவன் வந்து எண்ணப் போறான்?"

"கீழ என் கையெழுத்து இருக்குடா."

"அப்ப கிறுக்கலா போடு."

மறுநாள் பூங்காவில் விஷயத்தைச் சொன்னாள். பெஞ்சுகள் கொதித்தன.

"என்னம்மா பேசற? எங்க பறவைக்கு உச்சியில முடி தூக்கிக்கிட்டு நிக்கும். தலையைப் பாத்தா எனக்குத் தெரியாதா?" என்றார் முடிதிருத்துபவர்.

"எங்களுதுக்கு நெஞ்சளவே வேற. அது கொஞ்சம் பெரிய சைஸ்" என்றார் தையல்காரர்.

"எங்களுது அமைதியான பறவை. உக்காந்தே இருக்கும்" என்றார்கள் ஒன்பதாவது பெஞ்சில்.

"சரிண்ணே" என்றாள் அக்கா. "நாளைக்கு ஆறே காலுக்கு நான் விசில் அடிக்கிறேன். அந்த நொடியில கண்ணுக்குத் தெரியறதை மட்டும் எழுதுங்க. முன்னாடி பாத்தது, வரப்போறது எதுவும் வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதினாள். ஒன்பது பெஞ்சும் நாணலைப் பார்த்தது. தையல்காரர் மட்டும் கையைத் தூக்கினார். மற்ற எட்டுப் பேர் வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிதிருத்துபவர் பென்சிலை வைத்துக்கொண்டு சற்று நேரம் நின்றார். சைபர் போடுவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

பிறகு அது கிளம்பியது. நீலமாக ஒரு கோடு நாணல் ஓரமாக ஐந்தாவது பெஞ்சுக்குப் போய், ஒரு மீனோடு எழுந்து, ஆறாவதுக்குப் போனது. ஆட்கள் பெஞ்சை விட்டு எழுந்து அதன் பின்னால் நடந்தார்கள். யார் பெஞ்சைத் தாண்டுகிறோம் என்று ஒருவரும் பார்க்கவில்லை. ஒன்பதாவதில் அது திரும்பியபோது மொத்தப் பூங்காவும் அங்கே நின்றது.

"இதுக்கு மேல போகாதா?" என்று முடிதிருத்துபவர் மெதுவாகக் கேட்டார்.

"மேல நாணல் இல்லையேண்ணே" என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே புரிந்தது.

திங்கட்கிழமை பொறியாளர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஏதாவது இருக்கும் என்று நினைத்தார் போல. "ஒண்ணா? ஒத்தைப் பறவைக்கா இத்தனை கையெழுத்து?"

"ஒன்பது இருந்தா, மூணு பெஞ்சு போனா ஆறு மிச்சம்னு நீங்க சொல்லலாம் சார். இது ஒண்ணு. காலை ஆகாரத்துக்கு அதுக்கு ஒன்பது பெஞ்சு நாணலும் வேணும். நேரமெல்லாம் எழுதியிருக்கு பாருங்க. நடுவுல மூணு பெஞ்சை வெட்டினா மிச்சம் இருக்கிறது எந்தப் பறவைக்கும் பத்தாது."

பொறியாளர் நேரங்களைப் படித்தார். நகராட்சியில் யாரும் இவ்வளவு சரியான நேரத்துக்கு எதையும் செய்து அவர் பார்த்ததில்லை. பிளானோடு நின்ற தம்பியைப் பார்த்தார்.

"படியை எங்கயாவது தள்ள முடியுமாப்பா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். முடியாது என்று சொல்ல அவனுக்கு மூன்று நல்ல காரணங்கள் இருந்தன. அந்தப் பிளானை மூன்று தடவை வரைந்திருந்தான். "ஒன்பதாவது பெஞ்சுக்கு அந்தப் பக்கம் நாணல் இல்ல சார். வெறுங்கரை" என்றான்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் புதுத் தாள் விரிந்தது.

"உன் பறவை சரியா எந்த இடத்துல திரும்புது? அடிக்கணக்குல சொல்லு."

"எனக்கென்ன தெரியும்? வந்து பாரு."

அடுத்த ஞாயிறு தம்பி அளக்கும் டேப்போடு வந்து ஒன்பதாவது பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தான். இது எங்கள் பெஞ்சு என்று சொல்ல அங்கே இருந்தவர்கள் வாயெடுத்தார்கள். அதற்குள் ஆறு முப்பத்தைந்து ஆகிவிட்டது. எல்லாரும் தண்ணீர்ப் பக்கம் திரும்பினார்கள்.